ஸ்பிரிண்டர் 4×4 கேம்பர் வேன் ஹைவேயில் உண்மையில் என்ன மைலேஜ் கொடுக்கும்? அளந்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

"லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது தம்பி?"

உள்ளேயே படுத்துத் தங்கிப் பயணிக்கும்படி கட்டிய கேம்பர் வேனை வாங்கிய வாரமே திருச்சியிலிருந்து சித்தப்பா போனில் கேட்ட முதல் கேள்வி இதுதான். "ஏழு கிலோமீட்டர் சித்தப்பா" என்றேன். சற்று நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. "லாரி கணக்கால்ல இருக்கு" என்றார் பிறகு.

நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் பாதிப் பதில்தான். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஐ-80 நெடுஞ்சாலையில் லாரமியிலிருந்து ராலின்ஸ் நோக்கி மேற்கே போன ஒரு நவம்பர் மதியம், காலனுக்கு 11 மைலைத் தாண்டவே இல்லை. எதிர்க்காற்று வேனை நெஞ்சில் கைவைத்துத் தள்ளுவதுபோல் தள்ளியது. சாலையோரக் காய்ந்த புல் முழுக்க எங்கள் பக்கமாகவே படுத்துக் கிடந்தது. மூன்று நாள் கழித்து அதே சாலையில் கிழக்கே திரும்பும்போது 20-ஐத் தொட்டது. வண்டி அதேதான், ஆள் அதேதான், வேகமும் அதேதான். அன்றிலிருந்து யாராவது "என் வேன் இத்தனை கொடுக்குது" என்று ஒரே ஓர் எண்ணைச் சொன்னால், எந்த வேகத்தில், எந்தக் காற்றில், எந்த டயரில் என்று கேட்காமல் அதை நான் நம்புவதில்லை. உங்கள் வேனுக்கான எண்ணை நீங்களே அளந்து எடுக்கும் வழியை இங்கே எழுதுகிறேன். எங்கே டீசல் போகிறது, எதை மாற்றினால் மிஞ்சும் என்பதும் அதோடு சேர்ந்தே வரும்.

முதலில், எந்த வேன், எந்த அளவு

மெர்சிடிஸ் ஸ்பிரிண்டர் 4×4 (நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் சக்தி போகும் வேன்) அமெரிக்காவுக்கு 2015 மாடலாக வந்தது. 3 லிட்டர் வி6 (ஆறு சிலிண்டர்) டீசல், 188 குதிரைத்திறன். 2019-ல் புது உடல் வந்தபோதும் அதே எஞ்சின்தான் தொடர்ந்தது. 2023 மாடலில்தான் 2 லிட்டர் நாலு சிலிண்டர் டீசலும் ஒன்பது கியர் ஆட்டோமேட்டிக்கும் வந்தன. பட்டன் அழுத்தும் 4×4 போய், தானாகவே வேலை செய்யும் ஆல்-வீல்-டிரைவ் வந்தது. வின்னபேகோ ரெவல் மாதிரியான தயார் கேம்பர்களும், வீட்டு முற்றத்தில் தாங்களே மரவேலை செய்து கட்டுகிற வேன்களும் நிறைய இந்த ஸ்பிரிண்டர் மேல் எழும்புகின்றன. நான் பேசப்போவது உயரக் கூரை வி6 பற்றி. கணக்குப் போடும் முறை ஃபோர்டு டிரான்சிட் ஆல்-வீல்-டிரைவுக்கும் அப்படியே பொருந்தும். அது பெட்ரோல் வண்டி என்பதால் காலனுக்கு மைல் சற்றுக் குறையும். ஒரு காலன் டீசலில் ஒரு காலன் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் அதிக ஆற்றல் இருக்கிறது.

ஷோரூமில் இந்த வேனின் ஜன்னலில் மைலேஜ் ஸ்டிக்கரைத் தேடினால் கிடைக்காது. காரணம் எளிது. அமெரிக்காவில் மொத்தச் சுமை எடை 8,500 பவுண்டைத் தாண்டும் சரக்கு வேன்களுக்கு அரசின் மைலேஜ் ஸ்டிக்கர் கட்டாயமில்லை. கேம்பருக்கு அடித்தளமாகும் ஸ்பிரிண்டர் 2500 அந்தக் கோட்டுக்கு மேலேதான் நிற்கிறது. ஆக, ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அதிகாரபூர்வ எண்ணே கிடையாது. வேன்காரர்கள் பேச்சில் திரும்பத் திரும்ப வருவது இதுதான்: மணிக்கு 65 மைல் வேகத்தில் காலனுக்கு 15 முதல் 18, 75-க்கு மேல் போனால் 13 முதல் 15.

படி 1: அலகைச் சரியாகப் பிடியுங்கள்

அமெரிக்கக் காலன் 3.785 லிட்டர். காலனுக்கு எத்தனை மைல் என்பதை 0.425-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வரும். 17 மைல் என்றால் 7.2 கிலோமீட்டர். லண்டனில் இருக்கும் நண்பர் "எனக்கு 25 வருது" என்றால் கலங்க வேண்டாம். அவருடைய காலன் 4.546 லிட்டர். அமெரிக்கக் கணக்கில் அது 21-க்குச் சற்றுக் குறைவு.

ஒப்பிடும்போது மட்டும் நான் வேறோர் அளவைப் பயன்படுத்துகிறேன்: 100 மைலுக்கு எத்தனை காலன். காலனுக்கு 14-லிருந்து 16 ஆக உயர்ந்தால் 100 மைலுக்கு 0.89 காலன் மிச்சம். 20-லிருந்து 22 ஆக உயர்ந்தால் 0.45 காலன்தான் மிச்சம். உயர்வு இரண்டிலும் அதே 2 மைல். மிச்சமோ ஒன்றில் இரட்டிப்பு. நம் வேன் மாதிரி நிறையக் குடிக்கும் வண்டியில் ஒரு மைல் கூட்டினாலும் பர்ஸில் தெரியும் என்பதற்கு இதுதான் காரணம்.

படி 2: டேங்கை எப்போதும் ஒரே மாதிரி நிரப்புங்கள்

எல்லாப் பிழையும் தொடங்குவது பம்ப்பில்தான். டீசல் நுரைக்கும். நாசிலை முழுதாக அழுத்தினால் நுரை மேலே வந்து, டேங்க் நிறையும் முன்பே "டக்" என்று நின்றுவிடும். மெதுவாக ஊற்றினால் அதே டேங்க் இன்னும் அரைக் காலன் வாங்கிக்கொள்ளும்.

நான் செய்வது இப்படி. சமதளத்தில் இருக்கும் பம்ப்பாகப் பார்த்து நிறுத்துவேன். பெரிய லாரிகளுக்கான பக்கத்துக்குப் போவதில்லை. அந்த நாசில் தடிமன், வேகமும் அதிகம். நடுத்தர வேகத்தில் வைத்து முதல் "டக்" வரும்வரை விடுவேன். ஒரு நிமிடம் காத்திருந்தால் நுரை இறங்கும் சத்தம் நிரப்பு வாயில் காது வைக்காமலே கேட்கும். பிறகு மிக மெதுவாக, இரண்டாவது "டக்" வரை. அதோடு நிறுத்திவிடுவேன். நாணய எண்ணிக்கையை முழு டாலருக்குக் கொண்டுவர இன்னும் கொஞ்சம் ஊற்றும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

இவ்வளவு கவனமாக இருந்தும் அரைக் காலன் அளவுக்குப் பிழை வரலாம். 5 காலன் மட்டும் நிரப்பிக் கணக்குப் போட்டால் அந்த அரைக் காலன் பத்து சதவீதப் பிழை. 20 காலன் நிரப்பினால் இரண்டரை சதவீதம். ஆகவே பாதி டேங்க்குக் கீழே இறங்காமல் கணக்குப் போடாதீர்கள். தொடர்ந்து மூன்று டேங்க்கை மொத்தமாகக் கூட்டி வகுத்தால் இன்னும் நல்லது.

படி 3: ஓடோமீட்டரைத் திருத்துங்கள்

4×4 வேன் வாங்கியவர் முதலில் கை வைப்பது டயரில். இந்த வண்டிக்கு வழக்கமான அளவு 245/75ஆர்16. அதன் விட்டம் 774 மில்லிமீட்டர். மண்சாலைக்காக 265/75ஆர்16 போட்டால் 804 மில்லிமீட்டர். வித்தியாசம் 3.9 சதவீதம். சக்கரம் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகிறது, மீட்டருக்கோ அது தெரியாது. மீட்டர் 300 மைல் காட்டும்போது நீங்கள் போனது ஏறக்குறைய 312. பெரிய டயர் போட்டதும் "மைலேஜ் விழுந்துவிட்டது" என்று பலர் வருந்துவதில் ஒரு பகுதி இந்த வெற்றுக் கணக்குப் பிழைதான். ஸ்பீடோமீட்டரும் அதேபோல் ஏமாற்றும்: அது 65 காட்டினால் உண்மை வேகம் 67-ஐத் தாண்டியிருக்கலாம். அந்த இரண்டரை மைலுக்கும் டீசல் செலவாகிறது.

சரிபார்க்க ஜிபிஎஸ் போதும். இன்டர்ஸ்டேட் (மாநிலங்களை இணைக்கும் பெரிய நெடுஞ்சாலை) சாலையோரம் மைலுக்கு ஒன்றாக நிற்கும் சிறு பச்சைப் பலகைகளும் போதும். 50 பலகைகளைக் கடந்து, மீட்டர் என்ன காட்டுகிறது என்று பார்த்து, விகிதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை செய்தால் அந்த டயர் தேயும்வரை போதும்.

படி 4: சக்கரத்துக்குப் போகாத டீசலைக் கழியுங்கள்

சாதாரணக் காருக்கு இந்தப் படியே தேவைப்படாது. கேம்பருக்கு இது இல்லாமல் கணக்கே வராது.

குளிர்காலத்தில் நாம் தூங்கும்போது ஓடும் டீசல் ஹீட்டர், பெரும்பாலான ஸ்பிரிண்டர்களில் வண்டியின் டேங்க்கிலிருந்தே குடிக்கிறது. எஸ்பார் ஏர்ட்ரானிக் டி2 போன்ற ஹீட்டருக்கு மணிக்கு 0.10 முதல் 0.28 லிட்டர் செலவு. பத்து மணி நேர இரவு ஒன்றுக்கு ஒரு லிட்டரிலிருந்து மூன்று லிட்டருக்குச் சற்றுக் கீழ்வரை. மூன்று குளிர் இரவுகள் போனால் இரண்டு காலனுக்குச் சற்று மேல்வரை கரைந்திருக்கும். 20 காலன் டேங்க்கில் அது பதினொரு சதவீதம். ஹீட்டர் ஓடிய மணி நேரத்தைக் குறித்து வைத்துக் கழித்துவிடுங்கள். அல்லது அளக்கும் டேங்க்கில் ஹீட்டரே போடாதீர்கள்.

இன்னொன்று, எஞ்சின் சுழற்சியிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆல்டர்னேட்டர். லித்தியம் பேட்டரி காலியாகிக் கிடக்க, காலையில் கிளம்பியதும் அது 100 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். 14 வோல்ட்டில் 1.4 கிலோவாட். ஆல்டர்னேட்டரின் இழப்பையும் சேர்த்தால் எஞ்சின் தோளில் இரண்டு கிலோவாட்டுக்கு மேல். 65-ல் ஓட வேனுக்குச் சக்கரத்தில் தேவைப்படுவது ஏறக்குறைய 39 கிலோவாட் என்பதால், பேட்டரி நிறையும்வரை ஐந்தாறு சதவீதம் இங்கே போகிறது. வெயில் நாளில் கூரை சோலார் பேனல் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டால் எஞ்சின் பிழைத்தது.

சைலன்சர் வழியில் இருக்கும் புகைக்கரி வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யும் நேரத்திலும் கூடுதல் டீசல் போகும். அதை நாம் தடுக்கவும் முடியாது, தடுக்கவும் கூடாது. ஒரு டேங்க்கில் காரணமே தெரியாமல் எண் சற்று இறங்கினால் இதுவும் ஒரு காரணம் என்று தெரிந்திருந்தால் போதும்.

படி 5: டிஸ்பிளேக்கு ஒரு திருத்த எண் கண்டுபிடியுங்கள்

டாஷ்போர்டில் தெரியும் சராசரி மைலேஜ் எஞ்சின் செலுத்திய எரிபொருளை வைத்து வண்டி போடும் மதிப்பீடு. பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகக் காட்டும். ஆனால் ஒரே விகிதத்தில் தாராளமாகக் காட்டும் என்பதால் அதை உதறிவிட வேண்டாம். உதாரணமாக, ஒரு டேங்க்கில் திருத்திய தூரம் 318 மைல், நிரப்பியது 19.2 காலன் என்றால் கைக்கணக்கு 16.6. டிஸ்பிளே 17.8 காட்டியிருந்தால் விகிதம் 0.93. மூன்று டேங்க்கில் இந்த விகிதம் நிலையாக இருந்தால், டிஸ்பிளேயை 0.93-ஆல் பெருக்கி இருபது மைல் ஓட்டத்தைக்கூட நம்பிக்கையோடு அளக்கலாம். அடுத்த படிக்கு இது அவசியம்.

படி 6: வேகத்தின் விலையை உங்கள் கண்ணாலேயே பாருங்கள்

யூட்டாவில் வென்டோவருக்கும் நோல்ஸுக்கும் நடுவே ஐ-80 போனவில் உப்புப் படுகையைக் கடக்கிறது. ஏறத்தாழ நாற்பது மைல், கோல் வைத்துக் கிழித்த மாதிரி நேர்ச்சாலை, ஏற்ற இறக்கமே இல்லை. இதைவிட நல்ல சோதனைக்கூடம் நான் பார்த்ததில்லை. நெப்ராஸ்காவின் பிளாட் ஆற்றுப் பள்ளத்தாக்குச் சாலையும் பரவாயில்லை.

காற்று எழும் முன், அதிகாலையில் போங்கள். அரை மணி நேரம் ஓட்டி எஞ்சின், கியர் எண்ணெய், டயர் எல்லாம் சூடான பிறகு தொடங்குங்கள். வேகத்தை மாறாமல் பிடித்துவைக்கும் க்ரூஸ் கன்ட்ரோலை 60-ல் வைத்து, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, இருபது மைல் போய், திரும்பி இருபது மைல் வாருங்கள். போனது வந்தது இரண்டையும் சேர்த்தே குறியுங்கள். ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் லேசான காற்றும் ஏமாற்றிவிடும். பிறகு 65, 70, 75.

என்ன வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு டன் எடை, கூரையில் கொஞ்சம் சாமானோடு கூடிய உயரமான முகம் என்று நியாயமான தோராயங்கள் எடுத்தால், 65-ல் வேனைப் பின்னுக்கு இழுக்கும் மொத்த விசையில் காற்றின் பங்கு ஏறக்குறைய எழுபது சதவீதம், டயர் உருளும் எதிர்ப்பு முப்பது. டயரின் பங்கு வேகத்தோடு பெரிதாக மாறாது. காற்றின் பங்கோ வேகத்தின் இருமடிப்படி ஏறும். 65-ல் காலனுக்கு 17 தரும் வேன், இந்தக் கணக்குப்படி 60-ல் 19, 70-ல் 15.3, 75-ல் 13.8, 80-ல் 12.5 தரும். சாலையில் இந்த இடைவெளி சற்றுச் சுருங்கும், ஏனென்றால் சுமை கூடும்போது டீசல் எஞ்சின் கொஞ்சம் திறமையாக எரிக்கிறது. ஆனால் கோடு சாயும் திசை மாறாது.

இதை நேரத்தோடு வைத்துப் பாருங்கள். 300 மைல் பயணத்தில் 75-க்குப் பதில் 65-ல் போனால் 37 நிமிடம் கூடும். 4 காலன் டீசல் மிஞ்சும். பெண்டாட்டி பிள்ளைகளோடு போகும் நீண்ட நாட்களில் நான் 65-க்கு மேல் போவதை நிறுத்திவிட்டேன். டீசல் மட்டும் காரணமில்லை. 65-ல் வேனுக்குள் பேசினால் பின்சீட்டுக்குக் கேட்கிறது.

படி 7: காற்று, உயரம், குளிர் மூன்றையும் குறிப்பில் சேருங்கள்

வயோமிங் மதியத்துக்குத் திரும்பி வருகிறேன். மணிக்கு 20 மைல் எதிர்க்காற்றில் 65-ல் போனால், வேனின் முகத்துக்கு அது 85. காற்றின் இழுவை 1.7 மடங்கு. மொத்தச் செலவு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 17 தர வேண்டிய வண்டி 11-க்கு வரும். அன்று என் வண்டிக்கு நோய் எதுவும் இல்லை. கணக்கு சொல்வதும் வண்டி காட்டியதும் ஒன்றே.

வரும்போது பின்காற்று திருப்பிக் கொடுத்துவிடும் என்று தோன்றும். முழுதும் கொடுக்காது. 20 மைல் காற்றில் போய் வந்தால், இரண்டையும் சேர்த்த சராசரிச் செலவு, காற்றே இல்லாத நாளைவிட ஆறேழு சதவீதம் கூடுதல். எதிர்க்காற்று பறிப்பது அதிகம், பின்காற்று தருவது குறைவு. பக்கக் காற்றும் நட்டம்தான், நம் வேன் மாதிரி பெட்டி வடிவ உடலுக்கு இன்னும் அதிகமாக. லாரமிக்கும் ராலின்ஸுக்கும் நடுவே குளிர்காலக் காற்று பெரும்பாலும் மேற்கு, தென்மேற்கிலிருந்து வரும். மேற்கே போகிறவர்கள் விடியும் முன் அந்த நூறு மைலைக் கடந்துவிட்டால் காசும் கைவலியும் மிச்சம்.

உயரம் இதற்கு நேர்மாறாக உதவுகிறது. பலருக்கு இது தெரிவதில்லை. லாரமி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,180 மீட்டர் மேலே இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு வாக்கில் குறைவு. காற்று அசையாத நாளில் அங்கே 65-ல் போவதும், கலிஃபோர்னியாவின் தாழ்நிலத்தில் 60-ல் போவதும் கிட்டத்தட்ட ஒரே இழுவை. கொலராடோக்காரரும் ஃபுளோரிடாக்காரரும் தங்கள் எண்ணை ஒப்பிட்டுச் சண்டை போடுவதில் பொருளில்லை.

குளிர் இதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். மைனஸ் 10 டிகிரிக் காற்று, 30 டிகிரிக் காற்றைவிட 15 சதவீதம் அடர்த்தி. டயரும் கியர் எண்ணெயும் இறுகி இருக்கும். குளிர்காலக் கலவை டீசலில் ஆற்றலும் சற்றுக் குறைவு. கோடையில் எடுத்த எண்ணைக் குளிர்காலத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

படி 8: ஏற்றத்துக்குத் தனிக் கணக்கு

நான்கு டன் வேனை ஆயிரம் மீட்டர் மேலே தூக்க, ஏறக்குறைய மூன்று லிட்டர் டீசல் கூடுதலாக எரியும். டென்வர் 1,609 மீட்டர். ஐ-70-ல் ஐசன்ஹோவர் சுரங்கம் 3,401 மீட்டர். நடுவே அறுபது மைல் தூரம். சமதளமாக இருந்தால் 17 வீதம் மூன்றரைக் காலன் போதும். ஏற்றத்துக்கு இன்னும் ஒன்றரைக் காலன். ஆக ஐந்து காலன், அதாவது காலனுக்கு 12. சுரங்கத்தைக் கடந்து இறங்கும்போது ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். பிரேக்கில் கரைத்த அளவு கிடைக்காது. சரிவில் கியரைக் குறைத்து எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி இறங்கினால், ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் எடுத்த நேரத்தில் டீசல் கிட்டத்தட்ட செலவாவதே இல்லை, பிரேக்கும் சூடேறாது.

அளக்கும் டேங்க்கைத் தொடங்கிய உயரத்திலேயே முடியுங்கள். முடியாவிட்டால் உயர வித்தியாசத்தைக் குறித்து மேலே சொன்ன மூன்று லிட்டர் கணக்கில் திருத்துங்கள்.

படி 9: நாலு சக்கர ஓட்டம் உண்மையில் எவ்வளவு தின்கிறது?

எல்லாரும் கேட்பது இதைத்தான். ஒரே எஞ்சின், ஒரே கூரை உயரம் கொண்ட பின்சக்கர ஓட்ட ஸ்பிரிண்டரைவிட 4×4 காலனுக்கு ஒன்றிரண்டு மைல் குறைவாகக் கொடுக்கும் என்பது வேன்காரர்களின் பொது அனுபவம். அந்த ஒன்றிரண்டு மைலை யார் தின்றது என்று பிரித்துப் பார்த்தால் பழி வேறெங்கோ போகிறது.

எடையில் கூடுவது நூறு கிலோவுக்கு மேல். நான்கு டன்னில் அது மூன்று சதவீதம். எடை பாதிப்பது உருளும் எதிர்ப்பை மட்டும் என்பதால் சமதளத்தில் மொத்தச் செலவில் ஒரு சதவீதம்தான். வி6 4×4-ல் பட்டனை அணைத்தாலும் முன்பக்கத் தண்டுகளும், இரு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரிக்கும் டிஃபரென்ஷியலும் சக்கரத்தோடு சுற்றிக்கொண்டேதான் இருக்கும். எண்ணெயைக் கடைவதற்கும் சிறிது போகும். வண்டி முன்னால் 110, பின்னால் 80 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கிறது. அடியில் நுழையும் காற்று கூடுகிறது.

இப்போது நாம் ஆசையாகச் சேர்ப்பவற்றைப் பாருங்கள். ஆழமான பட்டை வெட்டிய ஆல்-டெரைன் டயர், உருளும் எதிர்ப்பை ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் மொத்தச் செலவு ஆறு சதவீதம் கூடும். கூரை ரேக், வெயில்மறைப்புச் சுருள், ஏணி, லைட் பார், பக்கவாட்டில் பெட்டி எல்லாம் சேர்ந்து காற்றின் இழுவையைப் பத்து சதவீதம் கூட்டினால் மொத்தச் செலவில் ஏழு சதவீதம். முன் அச்சு வாங்கிய கடனைவிட இந்த இரண்டும் பெரிய கடன். பனியிலும் மணலிலும் என்னைக் காப்பாற்றியது முன் அச்சு. லைட் பாரை நான் வருடத்தில் இரண்டு இரவுகூடப் போட்டதில்லை. கழற்றிவிட்டேன்.

உலர்ந்த தார்ச்சாலையில் 4×4 பட்டன் அணைந்திருக்கட்டும். அது தேவைப்படும் இடம் வரும்போது போட நேரம் இருக்கும்.

படி 10: மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்

ஒரே வாரத்தில் ரேக்கைக் கழற்றி, டயரை மாற்றி, வேகத்தையும் குறைத்தால் எது பலன் தந்தது என்று தெரியாது. ஒன்றை மாற்றுங்கள், படி 6-ஐத் திரும்பச் செய்யுங்கள், எழுதுங்கள். எடையைத் தெரிந்துகொள்ள லாரி நிறுத்தங்களில் இருக்கும் கேட் ஸ்கேல் என்னும் எடை மேடையில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். முன் அச்சு, பின் அச்சு தனித்தனியே சீட்டில் அச்சாகி வரும். பலர் தங்கள் வேன் தாங்கள் நினைத்ததைவிடக் கனமாக இருப்பதை அங்கேதான் அறிகிறார்கள். எடையைவிட முக்கியம் அதற்கேற்ற டயர் காற்று. கதவோரம் ஒட்டிய சீட்டில் போட்ட அளவு குளிர்ந்த டயருக்கானது. காலையில் கிளம்பும் முன் பாருங்கள்.

இதை நான் கற்ற நாள் நன்றாக நினைவிருக்கிறது. யூட்டாவில் மோவாப் பக்கம் குலுக்கும் மண்சாலைக்காக நாலு டயரிலும் காற்றை 35 பிஎஸ்ஐ-க்கு இறக்கியிருந்தேன். சாயங்காலம் தார்ச்சாலைக்கு வந்து முன் இரண்டையும் நிரப்பும்போது மழை பிடித்துக்கொண்டது. பின் இரண்டையும் அப்புறம் பார்க்கலாம் என்று கம்ப்ரஸரை உள்ளே வைத்துவிட்டுக் கிளம்பினேன். யுஎஸ்-191-ல் வடக்கே வந்து, ஐ-70-ல் மேற்கே திரும்பி, கிரீன் ரிவரில் பம்ப்புக்கு நின்றபோது ரப்பர் வாடை. பின் டயரின் பக்கவாட்டைத் தொட்டேன். கையை வைத்திருக்க முடியவில்லை. பக்கத்தில் முன் டயர் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தது. ஐம்பது மைலில் அந்தச் சூடு முழுக்க நான் காசு கொடுத்து வாங்கிய டீசல். அதைவிட, இன்னும் ஐம்பது மைல் போயிருந்தால் டயர் பிளந்திருக்கும். உள்ளே பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். காற்று இறக்கினால் ஏற்றும் பம்ப் வெளியிலேயே இருக்க வேண்டும் என்பது அன்றிலிருந்து எங்கள் வேனில் சட்டம்.

படி 11: மோசமான எண்ணை வைத்துத் தூரத்தைத் திட்டமிடுங்கள்

அந்தக் கிரீன் ரிவரிலேயே நின்று கணக்குப் போடுவோம். அங்கிருந்து சலைனா வரை ஐ-70-ல் நூறு மைலுக்கு மேல் பம்ப் கிடையாது. அமெரிக்க இன்டர்ஸ்டேட் சாலைகளில் எந்த வசதியும் இல்லாத மிக நீளமான துண்டு இது. 1,240 மீட்டரில் இருக்கும் ஊரிலிருந்து 2,400 மீட்டருக்கு ஏறிப் பிறகு இறங்க வேண்டும்.

சராசரி எண்ணை வைத்து இதைத் திட்டமிடாதீர்கள். உங்கள் குறிப்பேட்டில் இருக்கும் மோசமான எதிர்க்காற்று எண்ணை எடுங்கள். என்னுடையது 11. 108 மைலுக்குப் பத்துக் காலன், ஏற்றத்துக்கு ஒரு காலன், அடியில் எப்போதும் தொடாத மூன்று காலன். மொத்தம் 14. டேங்க் 24.5 காலன் என்பதால் முள் பாதிக்கு மேலே தெளிவாக நிற்க வேண்டும். குளிர்காலமென்றால் இன்னும் இரண்டு காலன் சேர்த்துக்கொள்வேன்: பனியில் சாலையை மூடி ஓர் இரவு வண்டிக்குள் தங்க நேர்ந்தால் ஹீட்டர் ஓட வேண்டும், எஞ்சினையும் இடையிடையே ஓடவிட வேண்டும். அதனால் அந்தத் துண்டுக்குமுன் கிரீன் ரிவரில் நிறுத்தி, முதல் "டக்", ஒரு நிமிடம், இரண்டாவது "டக்" வரை நிரப்பி, தேதி, மைல், காலன், காற்றடித்த திசை, டயர் காற்று என்று ஒரே வரியில் எழுதிவிட்டுத்தான் கிளம்புகிறோம். இப்போதெல்லாம் அந்த வரியை என் மகள் எழுதுகிறாள். காற்றின் திசைக்கு அவளாகவே ஓர் அம்புக்குறி போடுகிறாள்.